ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை

அத்தியாயம் பதினேழு

ஒரு டாக்டரின் விலை ஆயிரத்து ஐந்நூறு தலை.

சுகாதார அலுவலகம் போட்ட விலை அது. பதிவேட்டில் ஆயிரத்து ஐந்நூறு பேர் இருந்தால் ஒரு வட்டாரத்துக்கு ஒரு டாக்டர் உண்டு. ஒரு தலை குறைந்தாலும் இல்லை. ஆனை விலை சொன்னாலும் குதிரை விலை சொன்னாலும் பாதியில் ஆரம்பித்து முக்காலில் முடிக்கத் தெரிந்தவர்கள் வாழும் இடம் இது. அவர்களுக்கே இந்த விலையை எங்கே பிடித்து இறக்குவது என்று தெரியவில்லை.

அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் இரண்டே வரிதான். பதிவு பெற்றவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஆகவே மாத இறுதியில் க்ளினிக் மூடப்பட்டு, பாலத்துக்கு அப்பால் இருக்கும் க்ளினிக்கோடு சேர்க்கப்படும். பாலத்துக்கு அப்பால் என்றால் இரண்டு பஸ், அப்புறம் நடை. இருமிக்கொண்டு புறப்படுகிறவன் போய்ச் சேரும்போது காய்ச்சலோடு போய்ச் சேருவான்.

ஊர் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் மூன்று தெரு இருந்த இடத்தில் இன்று முப்பது தெரு. பன்னிரண்டு மாடியில் நான்கு கட்டடம். இரண்டு வங்கி, ஏழு செல்போன் கடை. டாக்டர் மட்டும் அதே ஒருவர், அதே இரண்டு அறை, அதே ஒரு கால் ஆடும் பெஞ்சு.

போன வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று முழங்கியவர் இரும்புக்கடை முதலாளி. கடைச்சுவரில் 'கறார் விலை' என்று பலகை மாட்டியிருப்பதால் அவருக்குப் பெயரே கறார். விற்கும்போதுதான் அந்தப் பலகை. வாங்கும்போது அதைத் திருப்பி வைத்துவிடுவார்.

"வீடு கட்ட அனுமதி குடுக்கும்போது உங்களுக்கு எண்ணத் தெரிஞ்சுது. டாக்டர் குடுக்கும்போது மட்டும் எண்ணிக்கை மறந்து போச்சா?" என்று அவர் கேட்டபோது கூரை கழன்றுவிடும்போல் கைதட்டல்.

சுகாதார அதிகாரியம்மா அசரவில்லை. "சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வரேன். அட்டையை எண்ணுவேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கணக்கை முடிச்சுக் கையெழுத்துப் போடுவேன். அட்டையில இருக்கிறதுதான் ஆள்" என்றாள்.

அதற்கும் கைதட்டினார்கள். எண்ணினால் நாம்தானே ஜெயிப்போம்! அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் கை தட்டவில்லை. அவள் கறாரின் மருமகள். க்ளினிக் ஜன்னலில் பதினான்கு வருடமாக உட்கார்ந்து அட்டை எடுத்துக் கொடுப்பவள். ஊர் முழுக்க அவளுக்கு டோக்கன் அக்கா என்று பெயர்.

அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது.

எட்டரை மணி. டோக்கன் அக்கா இரும்பு அலமாரியைத் திறந்து இருநூற்றுப் பன்னிரண்டாம் அட்டையை உருவினாள். அவள் வீட்டு அட்டை. மேலே மாமனார் பெயர், வயது, 'ஆண்' என்ற இடத்தில் ஒரு கோடு. கீழே பதினான்கு வருட வைத்தியம், டாக்டரின் கோழிக்கிறுக்கலில்.

அந்த அட்டையை நம்பினால், இரும்புக்கடை முதலாளிக்கு ஐம்பத்து நான்கு வயதில் மசக்கை. ஐந்தாம் மாதம், சிசு நலம். ஐம்பத்தேழில் மறுபடியும் மசக்கை. ஐம்பத்தெட்டில் தட்டம்மைத் தடுப்பூசி. அறுபதில் பால்பல் விழுந்த இடத்தில் ரத்தம். அதே வருடம் முழங்கால் தேய்மானம்.

அது மட்டும்தான் அவருடையது. மசக்கை டோக்கன் அக்காவுடையது, பல் பேரனுடையது.

டாக்டருக்கு இதில் குழப்பமே வந்ததில்லை. அட்டையைப் பார்க்கமாட்டார், முகத்தைப் பார்ப்பார். "யாரு, சின்னவளா? போன தடவை இடது காதுதானே?" என்பார். அட்டை அவருக்குப் பேனா வைக்க ஒரு இடம்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்றால், பதினான்கு வருடத்துக்கு முன்னால் அலுவலகம் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு சிறு கட்டணம் வைத்தது. டோக்கன் அக்கா அப்போது புது மருமகள், புது வேலை. சேர்ந்து மூன்று வாரம். ஜன்னலுக்கு வெளியே மாமனார் வந்து நின்றார்.

"நாலு பேருக்கு நாலு கட்டணமா? மொத்தமா எடுத்தா எந்தக் கடையிலயும் குறைப்பாங்களேம்மா."

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல மாமா."

"அதிகாரம் எதுக்கு? ஒரே அட்டையாப் போடு. வீட்டுக்குப் பொதுவா இருக்கட்டும். ஒரு விளக்குமாறு வாங்கினா ஆளுக்கு ஒண்ணா வச்சுப் பெருக்குறோம்?"

பின்னால் வரிசை. முன்னால் மாமனார். புது மருமகள் என்ன செய்வாள்? ஒரே அட்டையாகப் போட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஆணி வாங்க வந்தவன், பூட்டு வாங்க வந்தவன் எல்லோரிடமும் கறார் அந்தப் பேரத்தைச் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் ஊரே ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை. இரண்டு வருடத்தில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கட்டணம் ஒழிந்தது, பழக்கம் ஒழியவில்லை. அதற்குப் பிறகு குடிவந்தவர்களும் பக்கத்து வீட்டைப் பார்த்து அப்படியே போட்டுக்கொண்டார்கள்.

கடிதம் வந்த அன்றே இது டோக்கன் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று ஏழு நாளையும் செலவழித்துவிட்டாள்.

ஒன்பது மணிக்குக் கறார் வந்தார், கையில் சுருட்டிய துணிப்பதாகை. பின்னால் மாமியார், டீ ஃப்ளாஸ்கோடு.

"மாமா, அந்த அறுநூத்திப் பன்னெண்டு சரியான கணக்குதான்."

"என்ன சரி? நம்ம தெருவுலயே அறுநூறு தேறும்."

"ஆள் தேறும் மாமா. அட்டை தேறாது. நாமதானே ஒரு வீட்டுக்கு ஒண்ணுன்னு..."

அவள் இருநூற்றுப் பன்னிரண்டை நீட்டினாள். கறார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்து, மறுபடியும் மேலே போனார்.

"யாரு எனக்கு மசக்கைன்னு எழுதினது?"

"ரெண்டு தடவை" என்றாள் மாமியார், ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே. "பிள்ளை பெத்துக்கிறது என்ன பெரிய வேலைன்னு கேட்டீங்களே ஒரு நாள். அதான் உங்க பேர்லயே எழுதிட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. கறாரின் உதடு மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு வாரமா ஏம்மா வாயைத் திறக்கல?"

"ஊரே உங்களுக்குக் கை தட்டுச்சு மாமா. அதுக்கு நடுவுல எப்படிச் சொல்றது?"

பதாகையைக் கீழே வைத்தார். அதை அப்புறம் யாரும் பிரிக்கவே இல்லை.

பத்து மணி அடிக்கும்போது அதிகாரியம்மா உள்ளே வந்தாள். கையோடு ஒரு பெட்டி நிறையப் புது அட்டை. நாற்காலி கேட்டு வாங்கி, அலமாரிப் பக்கத்தில் போட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கொண்டே படிக்கவும் செய்தாள். அதுதான் வினை.

"இந்த ஐயா ரெண்டு தடவை கர்ப்பமா இருந்திருக்காரு."

அந்த ஐயா இரண்டடி தள்ளி நின்று சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

டோக்கன் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கட்டணம், விளக்குமாறு, பழக்கம். அதிகாரியம்மா கடைசியில் இன்னொரு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஓரத்தில் சிவப்பு மையில், 'பென்சிலின் ஆகாது'.

"இது ஏழு பேர் இருக்கிற வீடு. யாருக்கு ஆகாது?"

"மூணாவது பொண்ணுக்கு. டாக்டருக்குத் தெரியும்."

"டாக்டரே ஜுரத்துல படுத்து, அவருக்குப் பதிலா வேற ஆள் வந்தா?"

டாக்டர் அறைக் கதவு பாதி திறந்துதான் இருந்தது. டாக்டர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"அம்மா கேக்கிறது நியாயம். எனக்கு அறுபத்து நாலு ஆகுது. இத்தனை நாளா என் தலைதான் இங்க அலமாரியா இருந்தது. அதோட சாவியை நான் யாருக்கும் குடுக்கல. தப்புதான்." அவ்வளவு சொல்லிவிட்டு, "அடுத்தது யாரு?" என்று உள்ளே போய்விட்டார்.

அதிகாரியம்மா கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "விதியில ஒரு வழி இருக்கு. இங்க குடியிருக்கிற யாரும் நேர்ல வந்து, அடையாளச் சீட்டைக் காட்டி, புது அட்டையில கையெழுத்துப் போடலாம். யார் எழுதினாலும் பரவாயில்ல, கையெழுத்து அவங்களோடதா இருக்கணும். அஞ்சு மணி வரைக்கும்."

"அஞ்சரை?" என்றார் கறார்.

"அஞ்சு."

"அஞ்சேகால்?"

"ஐயா, உங்க கடைச்சுவர்ல என்ன பலகை மாட்டியிருக்கு? போன மாசம் ஒரு பூட்டு வாங்க வந்தப்போ கால் மணி நேரம் அதைத்தான் எனக்குக் காட்டினீங்க."

கறார் வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டார்.

பழைய அறுநூற்றுப் பன்னிரண்டில் இறந்துபோனவர், வீடு மாறிப் போனவர் என்று நாற்பத்தேழு கழிந்தது. மிச்சம் ஐந்நூற்று அறுபத்தைந்து. இன்னும் வேண்டியது தொள்ளாயிரத்து முப்பத்தைந்து.

பேனா பிடிக்க நான்கு பேர் உட்கார்ந்தார்கள். டோக்கன் அக்கா, மாமியார், மருந்துக்கடைக்காரர், பக்கத்துக் கடைத் தையல்காரி. டோக்கன் அக்காவின் புருஷன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சைக்கிளில் தெருத் தெருவாகச் சொல்லப் போனான். பன்னிரண்டு மாடிக் கட்டடங்களுக்குக் கறார்.

பதினொன்றரைக்கு வரிசை முக்குத் திரும்பிவிட்டது. கைக்குழந்தைக்கு ஒன்று, கைத்தடிக்காரருக்கு ஒன்று என்று அட்டை பறந்தது. ஒரு அட்டைக்கு ஒன்றரை நிமிடம், சில சமயம் இரண்டு. வாய் பேசாமல் எழுதினால்.

ஆனால் வாய் பேசாமல் யார் வருகிறார்கள்?

"எங்க வீட்டு அட்டைதான் என் பேர்ல இருக்கே. இவளுக்கு எதுக்குத் தனியா?" என்றார் ஒரு லாரி டிரைவர்.

"என் முதுகுவலி பதினாலு வருஷம் உங்க பேர்ல இருந்தது போதும்" என்றாள் அவர் மனைவி. "குடு அக்கா, எங்க கையெழுத்துப் போடணும்?"

மாமியார் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து அவள் பெயரை எழுதினாள்.

மாடிக் கட்டடங்களில் கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. நான்கு கட்டடத்துக்கும் சேர்த்து ஒரு சங்கம். அதற்கு ஒரு செகரட்டரி அம்மா. கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு, கீழ்த்தளத்து அலுவலக அறையில் குடிதண்ணீர் லாரிக்காரனோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கறார் அரை மணி காத்திருந்தார்.

"எங்களுக்கு அந்த க்ளினிக் தேவையில்ல ஐயா. நாங்கல்லாம் போன்லயே டாக்டரைப் பாத்துடறோம்."

"பாருங்க, வேண்டாங்கல. போன மாசம் உங்க காவலாளி ஏணியில இருந்து விழுந்தாரே, அப்ப போனைக் காட்டினதும் எலும்பு சேந்துக்கிச்சா? செருப்புகூட மாட்டாம ஓடி வந்தது யாரு?"

செகரட்டரி அம்மா பேனாவை உருவினாள். உருவிவிட்டால் பாதி வியாபாரம் படிந்த மாதிரி. கறாருக்கு அந்தக் குறி தெரியும்.

"சரி, உங்களுக்காக வரோம். வீட்டுக்கு ஒருத்தரை அனுப்புறேன். ஒரு அட்டை இருந்தா எல்லாரும் பொதுவா வச்சுக்கலாம் இல்ல? எதுக்கு ஆளாளுக்கு அலையணும்?"

நாற்பத்தைந்து வருட வியாபாரத்தில் கறாரிடம் அவருடைய சரக்கையே அவருடைய விலைக்கே யாரும் திருப்பி விற்க வந்ததில்லை. அவர் அங்கே கிடந்த ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி வேணுமா ஐயா?"

"அந்தப் புத்தி என்னோடதும்மா" என்றார். "பதினாலு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் கண்டுபிடிச்சேன். கல்லாவுல உக்காந்து ஊர் பூரா இலவசமா வித்தேன். அதனாலதான் இப்ப டாக்டர் போறார். அதிகாரி கணக்குல ஓட்டை இல்ல. ஓட்டை என்னோடது."

செகரட்டரி அம்மா மேஜையிலிருந்த மைக்கை அவர் பக்கம் தள்ளினாள். நான்கு கட்டடத்திலும் நாற்பத்தெட்டு மாடியிலும் ஒலிக்கிற மைக்.

"நீங்களே சொல்லுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே."

கூட்டத்தில் முழங்கின தொண்டை அங்கே இரண்டு தடவை இருமியது. "நான் இரும்புக்கடைக்காரன் பேசுறேன்... உங்க குளியலறைக் குழாயெல்லாம் என் கடைச் சரக்குதான்..." என்று ஆரம்பித்து, தான் செய்த காரியத்தைச் சொன்னார். கடைசியில், "வீட்டுக்கு ஒருத்தர் வேண்டாம். எத்தனை பேர் இருக்கீங்களோ அத்தனை பேரும் வாங்க. தள்ளுபடி கிடையாது" என்று முடித்தார்.

லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது மணி இரண்டு.

நான்கே காலுக்கு அதிகாரியம்மா புது அட்டைகளை எண்ணிப் பார்த்தாள். எண்ணூற்று அறுபத்தெட்டு. இன்னும் அறுபத்தேழு. வரிசையில் அறுபது பேர், மாடிக் கட்டடங்களிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். நான்கு பேனா, முக்கால் மணி நேரம். டோக்கன் அக்கா மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். தேறும். மிச்சமே வரும்.

"அத்தை, உங்க அட்டையை இன்னும் எழுதலையே. அதுவும் ஒரு தலைதானே."

மாமியார் ஒரு புது அட்டையை எடுத்தாள். தன் பெயரை எழுதினாள். அழகான கையெழுத்து. நாள் முழுக்க ஊரார் பெயரை எழுதிய கைக்குச் சொந்தப் பெயரை எழுத நேரம் பிடித்தது. கடைசியில் 'தற்போதைய தொந்தரவு' என்று ஒரு கட்டம். வந்தவர்கள் பெரும்பாலும் 'இல்லை' என்று சொல்லித் தாண்டிய கட்டம். அதில் அவள் இரண்டு வரி எழுதி, மேலே உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"இதை யாரு படிப்பா?" குரல் தாழ்ந்திருந்தது.

"டாக்டர் படிப்பாரு. நான் அலமாரியில வைப்பேன்."

"உங்க மாமா?"

"அவர் அட்டை வேற, உங்க அட்டை வேற அத்தை."

"கேட்டா?"

"குடுக்க மாட்டேன்."

கை மெல்ல விலகியது. டோக்கன் அக்கா படித்தாள்.

'மாதாமாதம் வருவது நின்று ஒன்பது வருடம். இப்போது நான்கு மாதமாக மறுபடியும் ரத்தம் படுகிறது.'

பதினான்கு வருடம் க்ளினிக் ஜன்னலில் உட்கார்ந்தவளுக்கு அந்த வரியின் எடை தெரியும்.

"நாலு மாசமா? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை."

"எப்படிச் சொல்றது? சொன்னா டாக்டர் எழுதணும். எழுதினா உங்க மாமா பேர்ல எழுதணும். ஜன்னல்ல அட்டையை வாங்கி டாக்டர் ரூம் வரைக்கும் எடுத்துட்டுப் போறவர் யாரு? போற வழியிலயே நின்னு நிதானமாப் படிச்சு, 'போன மாசம் உனக்கு எதுக்கு ரத்தச் சோதனை?'ன்னு பெஞ்சு முழுக்கக் கேக்கிற மாதிரி கேப்பார்." கொஞ்சம் நிறுத்தினாள். "உன்கிட்டச் சொல்லியிருந்தாலும் நீ அதே அட்டையைத்தானே எடுத்து நீட்டியிருப்ப?"

டோக்கன் அக்கா கண்ணை அலமாரிப் பக்கம் திருப்பினாள்.

"சரி சரி, விடு. நாலு மாசம் போயிடுச்சு, இன்னும் முக்கால் மணி. நீ எழுது. அஞ்சு மணிக்கு மேல உள்ள போறேன்."

"அஞ்சு மணிக்கு மாமா இங்க நிப்பாரு. அவர் நிக்கும்போது நீங்க உள்ள போவீங்களா?"

மாமியார் மேஜை விளிம்பைத் தடவினாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ, "அக்கா, கொஞ்சம் சீக்கிரம்!" என்றார்கள்.

"மாட்டேன்" என்றாள்.

மூடியிருந்த கை இன்னொரு தடவை மூடிக்கொண்டால் அப்புறம் திறக்காது. டோக்கன் அக்கா பேனாவை வைத்தாள்.

"எந்திரிங்க அத்தை."

அதிகாரியம்மா தலை தூக்கினாள். "எங்க போறீங்க? உங்க ரெண்டு பேர் பேனாதான் வேகமா ஓடுது."

"நோயாளியை உள்ள கூட்டிட்டுப் போறேன். அதுதான் மேடம் என் வேலை."

உள்ளே டாக்டர் அட்டையைப் படித்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் படித்ததை டோக்கன் அக்கா அன்றுதான் பார்த்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை நாளைக்கு ஒரு தடவை, வலி உண்டா, எடை குறைந்ததா, குடும்பத்தில் யாருக்காவது. முதலில் தலையசைத்துக்கொண்டிருந்த மாமியார் பிறகு வாய் திறந்தாள். திறந்த பிறகு நிற்கவில்லை. நான்கு மாதம் வெளியே வந்தது. நடுவில் ஒரு தடவை அழுதாள். ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை. மறைப்புக்குப் பின்னால் டாக்டர் சோதித்தபோது டோக்கன் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் கை கழுவிவிட்டு வந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார்.

"பயமுறுத்தறதுக்குச் சொல்லல. தள்ளிப்போடக் கூடாதுன்னு சொல்றேன். திங்கக்கிழமை போயிடுங்க. ஸ்கேன் எடுப்பாங்க, கொஞ்சம் சதை எடுத்துப் பாப்பாங்க. ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும். அதை வாங்கிட்டு நேரா என்கிட்ட..."

அவர் கண் சுவர்க் காலண்டருக்குப் போனது. மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

"என்கிட்டக் கொண்டு வாங்க" என்றார் மறுபடி. இந்தத் தடவை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் நான்கு நாற்பத்தாறு. காலியாக இருந்த இரண்டு நாற்காலிக்கும் முன்னால் கறார் நின்றுகொண்டிருந்தார். மேல்மாடியிலிருந்து கடைசிக் கூட்டத்தையும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"இங்க ஊரே காத்துக் கிடக்கு, ரெண்டு பேனா சும்மா கெடக்கு! மாமியாரும் மருமகளும் இதுதான் நேரம்னு உள்ள போய் என்ன கதை? நான் படிப்படியா ஏறி, கெஞ்சி, மானத்தை வித்துக் கூட்டிட்டு வரேன்..."

"கதை இல்ல மாமா."

"பின்ன?"

டோக்கன் அக்கா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கையில் அட்டையும் கடிதமும். கறாரும் அப்போதுதான் அதைப் பார்த்தார். வெகுநாள் பழக்கத்தில் அவர் கை தானாக நீண்டது.

அவள் கொடுக்கவில்லை.

"என் அட்டை" என்றாள்.

"தெரியுது. என்ன எழுதியிருக்குன்னு காட்டு."

"என் அட்டைங்க."

அவருடைய கை காற்றிலேயே கொஞ்ச நேரம் நின்றது. வரிசையில் முன்னால் நின்றவர்கள் எல்லோரும் திடீரென்று தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். மாமியார் கடிதத்தைக் கைப்பையில் மடித்து வைத்து, அட்டையை அதிகாரியம்மாவின் அட்டைக் கட்டோடு சேர்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள்.

"அடுத்தவங்க வாங்க. பேர் சொல்லுங்க."

கறார் மருமகள் பக்கம் திரும்பினார். கோபம் போயிருந்தது. அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது கோபத்தைவிட மோசமாக இருந்தது. "என்னம்மா? அவளுக்கு என்ன?"

"அத்தையைக் கேளுங்க மாமா. அவங்க சொன்னா உண்டு."

அவளும் எழுதினாள். பெயர், வயது, வீட்டு எண், கையெழுத்து. பெயர், வயது, வீட்டு எண். மை தீர்ந்தது, வேறு பேனா எடுத்தாள். மருந்துக்கடைக்காரர் விரலை உதறிக்கொண்டே எழுதினார். கறார் யாரையும் விரட்டவில்லை. மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவள் தலை நரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு" என்றாள் அதிகாரியம்மா. "பேனாவை வைங்க."

பாதி எழுதிய அட்டையோடு தையல்காரி நிமிர்ந்தாள். அதிகாரியம்மா அதையும் ஓரமாக ஒதுக்கி வைத்தாள். பிறகு எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். இரண்டாவது தடவை எண்ணியது அவளுடைய நல்ல மனசு. தொகை மாறவில்லை.

பழைய அட்டை ஐந்நூற்று அறுபத்தைந்து. புது அட்டை தொள்ளாயிரத்து இருபத்தொன்று.

"இருங்க, வெளிய நிக்கிறாங்களே..." என்று கறார் ஆரம்பித்தார். அதிகாரியம்மா அவரைப் பார்த்தாள். அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் விதியை எழுதல ஐயா. திங்கக்கிழமை இந்தத் தாளைத்தான் கொண்டு போய் வைக்கணும்." தாளைத் திருப்பி டோக்கன் அக்கா பக்கம் நகர்த்தினாள். "க்ளினிக் சார்புல நீங்க ஒரு கையெழுத்து."

டோக்கன் அக்கா பேனாவை வாங்கினாள். இரண்டு பேனா, இருபத்தைந்து நிமிடம், ஒரு அட்டைக்கு ஒன்றே முக்கால். கணக்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலியில் மாமியார் கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு ஜன்னல் கம்பி வழியாக வெளியே பார்த்தாள். யாரும் கலைந்து போகவில்லை. கையில் அடையாளச் சீட்டோடு அப்படியே நின்றார்கள். ஒவ்வொரு தலையாக எண்ணினாள்.

வேண்டியது ஆயிரத்து ஐந்நூறு.

இருப்பது ஆயிரத்து நானூற்று எண்பத்தாறு.

பாக்கி பதினான்கு.

வாசல்படியில் நிற்பது இருபத்து மூன்று.